மாலை போட்டால் விட முடிகிறதே, கழற்றியதும் ஏன் மறுபடி? பீடி, சிகரெட்டை நிறுத்திய பின் வரும் தவிப்பைக் கடக்கும் வழிகள்

கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்பவர்களில் எத்தனையோ பேர் அன்றோடு பீடி, சிகரெட்டை நிறுத்திவிடுகிறார்கள். நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடித்தவர்கூட விரத நாட்கள் முழுவதும் கையால் தொடுவதில்லை. ஆனால் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய சில நாட்களில் பலருக்குப் பழைய பழக்கம் திரும்பிவிடுகிறது. “விடணும்னுதான் பார்த்தேன், முடியல” என்று பிறகு சொல்வார்கள்.

உண்மையில் அவர்களால் முடிந்திருக்கிறது. 41 நாளோ 48 நாளோ புகைக்காமல் இருந்தவர், இந்தப் பழக்கத்தை விடுவதில் மிகக் கடினமான பகுதியை ஏற்கெனவே தாண்டிவிட்டார். ரம்ஜான் நோன்பில் பகல் முழுவதும் புகையைத் தவிர்ப்பவருக்கும், தவக்காலத்தில் சிகரெட்டை ஒதுக்கி வைப்பவருக்கும் இந்த அனுபவம் தெரியும். பிறகு ஏன் திரும்புகிறது? நிறுத்திய முதல் சில வாரங்களில் உடம்பு என்ன பாடுபடுத்தும், அதை எப்படிச் சமாளிப்பது, அரசின் எந்தெந்தச் சேவைகள் இதற்கு உதவும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

விழுப்புரத்துக்கும் இந்த முயற்சிக்கும் உள்ள தொடர்பு

தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08ஆம் ஆண்டில் முதன்முதலாக 9 மாநிலங்களில், 18 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்வான இரண்டு மாவட்டங்கள் விழுப்புரமும் காஞ்சிபுரமும். அதாவது செஞ்சி வட்டாரம், நாட்டிலேயே முதலில் இந்தத் திட்டம் வந்த பகுதிகளில் ஒன்று.

2016-17ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம். அதிலும் சிகரெட் பிடிப்பவர்களைவிட (4 சதவீதம்) பீடி பிடிப்பவர்கள்தான் (7.7 சதவீதம்) அதிகம். “பீடி இலையில் சுத்தினது, சிகரெட் மாதிரி கெடுதல் இல்ல” என்று கிராமங்களில் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. பீடி அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் தாராளமாகவே போகின்றன. எனவே பீடியை விடுபவருக்கும் சிகரெட்டை விடுபவருக்கும் வரும் தொந்தரவுகள் ஒன்றுதான். புகையிலை வைத்து வெற்றிலை போடும் பாட்டிக்கும், பொட்டலப் புகையிலையை உதட்டில் அடக்கும் இளைஞருக்கும் இதே கதைதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே சில ஏற்பிகளைத் தட்டி, மனதுக்கு இதம் தரும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. இதே தூண்டல் தினமும் கிடைத்தால் மூளை அதற்கேற்ப ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு நிகோடின் இருந்தால்தான் சாதாரணமாக இருக்க முடியும் என்ற நிலை வந்துவிடும்.

ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு முழுவதும் தூங்கி எழுந்தால் அளவு மிகவும் இறங்கியிருக்கும். காலையில் கண் விழித்ததும் “ஒண்ணு பத்த வச்சாதான் வேலையே ஓடும்” என்று தோன்றுவது அதனால்தான். பீடி பிடித்ததும் டென்ஷன் குறைவதுபோல இருக்கும். ஆனால் குறைவது பெரும்பாலும் முந்தைய பீடியின் நிகோடின் இறங்கியதால் வந்த படபடப்புதான்.

நிகோடின் அடியோடு நின்றதும் மூளை கொஞ்ச நாள் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தின் வெளிப்பாட்டைத்தான் மருத்துவர்கள் விலகல் அறிகுறிகள் என்கிறார்கள். இது புது நோயல்ல. உடம்பு தன் பழைய நிலைக்குத் திரும்பும்போது படும் சிரமம். நிகோடினை மட்டும் நிறுத்துவதால் வரும் இந்த அறிகுறிகள் தொல்லை தரும், ஆனால் உயிருக்கு ஆபத்தானவை அல்ல.

எந்த நாளில் என்ன வரும்?

முதல் நாள்: கடைசி பீடி பிடித்த 4 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் தவிப்பு தொடங்கிவிடும். கை பரபரக்கும், எதிலும் மனம் நிற்காது. இதே நாளில் உள்ளே நல்ல மாற்றமும் தொடங்குகிறது. 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறையத் தொடங்கும். ஒரு நாளுக்குள் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு புகைக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடும்.

2, 3ஆம் நாட்கள்: உச்சம் இதுதான். கோபம், எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். பலர் தோற்பதும் இங்கேதான். “மூணு நாளே இப்படின்னா வாழ்நாள் முழுக்க எப்படி?” என்று பயந்து பத்த வைத்துவிடுவார்கள். ஆனால் இதற்குமேல் தொந்தரவு ஏறாது, இறங்கத்தான் செய்யும்.

முதல் வாரக் கடைசி: தவிப்பு வரும் இடைவெளி கூடும். இருமல், மலச்சிக்கல், வாய்ப்புண் சிலருக்கு எட்டிப்பார்க்கும்.

2 முதல் 4 வாரம்: பெரும்பாலான அறிகுறிகள் அடங்கிவிடும். பசி மட்டும் இன்னும் சில வாரங்கள் கூடுதலாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு: எப்போதாவது, ஏதாவது ஒரு இடத்தையோ ஆளையோ பார்த்தால் திடீரென்று ஆசை வரும். அது உடம்பின் தேவையைவிட நினைவின் தூண்டுதலாகவே இருக்கும்.

மாலை போட்டவர் விஷயத்துக்கு இப்போது விடை கிடைக்கிறது. விரதம் முடியும் நாளில் அவருடைய விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். அவரைத் திரும்பக் கூட்டிப்போவது நினைவும், “விரதம்தான் முடிஞ்சாச்சே” என்று தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் அனுமதியும்தான்.

ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒரு வழி

எரிச்சல், கோபம்: முதல் இரண்டு வாரம் இது வரும் என்று வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபம் ஏறும்போது அந்த இடத்தை விட்டு நகர்ந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பெரிய பஞ்சாயத்து, கணக்கு வழக்கு, பாகப்பிரிவினைப் பேச்சு எல்லாவற்றையும் முடிந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

தூக்கமின்மை, படபடப்பு: இதில் பலருக்குத் தெரியாத ஒரு காரணம் காபி, டீ. புகைப்பவரின் உடம்பு காபி, டீயில் உள்ள கஃபீனை வேகமாக வெளியேற்றும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே நாலு டீயைக் குடித்தாலும் கஃபீன் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் அதிகமாக்கும். அதனால் வழக்கமான அளவைப் பாதியாக்குங்கள். மாலைக்கு மேல் டீ வேண்டாம்.

தலைவலி, லேசான தலைசுற்றல்: தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு அடிக்கடி குடியுங்கள். சில நாளில் சரியாகிவிடும்.

இருமல், சளி: “விட்ட பிறகுதான் இருமல் ஜாஸ்தியாச்சு” என்று பலர் பயப்படுவார்கள். மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளி வெளியேற்ற நுண்ணிய முடிகள் உண்டு. இத்தனை நாள் புகையால் முடங்கிக் கிடந்த அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதால் சளி வெளியே வரும். வெந்நீர் குடியுங்கள், ஆவி பிடியுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை இலவசம்.

மலச்சிக்கல்: நிகோடின் குடலைத் தூண்டிக்கொண்டிருந்தது. “பீடி இல்லாம காலைக்கடனே போகாது” என்பது அதனால்தான். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் வெந்நீர், சாப்பாட்டில் கீரை, கொய்யா, வாழைப்பழம், கேழ்வரகு, கம்பு என்று சேர்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் குடல் தன் வழிக்கு வந்துவிடும்.

பசி, எடை கூடுதல்: முதல் ஆண்டில் சராசரியாக 4, 5 கிலோ எடை கூடலாம். அதற்காகப் புகைக்குத் திரும்புவது லாபமில்லாத வியாபாரம். பஜ்ஜி, போண்டா, இனிப்புக்குப் பதில் வெள்ளரி, கேரட், பொரி, சுண்டல் கைவசம் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று பாக்கு, பான் மசாலா பக்கம் போகாதீர்கள். பாக்கே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

சோர்வு, மனத்தாழ்வு: சில நாட்கள் எதிலும் பிடிப்பில்லாதது போல இருக்கும். தினம் அரை மணி நேர நடை இதற்கு நல்ல மருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ உடனே 14416 என்ற டெலி-மனஸ் எண்ணை அழையுங்கள்.

அந்த ஐந்து நிமிடம்

பீடி ஆசை நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. அலைபோல எழும், சில நிமிடங்களில் தானாக இறங்கும். பத்த வைத்தால்தான் அடங்கும் என்று நமக்குத் தோன்றுகிறதே தவிர, பத்த வைக்காவிட்டாலும் அது அடங்கத்தான் செய்யும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்க ஆலோசகர்கள் நான்கு வழிகள் சொல்வார்கள்.

1. தள்ளிப்போடுங்கள். “பிடிக்கவே மாட்டேன்” என்று மல்லுக்கட்ட வேண்டாம். “இன்னும் பத்து நிமிஷம் கழிச்சுப் பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். கைபேசியில் பத்து நிமிட டைமர் வையுங்கள்.

2. மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்தால் போதும். பீடியின்போது கிடைத்த இதத்தில் ஒரு பங்கு இந்த ஆழ்ந்த மூச்சால் வந்ததுதான்.

3. தண்ணீர் குடியுங்கள். ஒரே மடக்காக இல்லாமல், சிறிது சிறிதாக, வாயில் வைத்து விழுங்குங்கள்.

4. கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள். கைக்கு வேலை கொடுப்பது முக்கியம். வேர்க்கடலை உடைப்பது, வண்டியைத் துடைப்பது, பேரனோடு விளையாடுவது என எதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் பீடி நேரங்கள் எவை?

நிறுத்துவதற்கு முந்தைய மூன்று நாள், ஒவ்வொரு முறை பத்த வைக்கும்போதும் நேரம், இடம், யாரோடு என்பதைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு குரல் பதிவு அனுப்பிக்கொண்டாலும் போதும். மூன்றாம் நாள் அதைப் பார்த்தால், எந்த இடத்தில் வழுக்கும் என்பது தெரிந்துவிடும். செஞ்சி வட்டாரத்தில் பலருக்கும் பொருந்தக்கூடிய சில இடங்கள் இவை:

காலை டீக்கடை: டீயும் பீடியும் பல வருடக் கூட்டாளிகள். முதல் மாதம் டீயை வீட்டிலேயே குடியுங்கள். கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் டம்ளரை வாங்கிக்கொண்டு பீடி பிடிக்காதவர் பக்கத்தில் நில்லுங்கள்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்: நெல் மூட்டையை இறக்கிவிட்டு விலைக்காகவும் எடைக்காகவும் காத்திருக்கும் நேரம் நீளமானது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கை பாக்கெட்டுக்குப் போகும். தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் கடலையும் மூட்டையோடு சேர்த்து எடுத்துப் போங்கள். பீடிக்காக யாராவது நீட்டினால் “நிறுத்திட்டேன்” என்ற ஒரே வார்த்தை போதும். “குறைச்சுக்கிட்டேன்” என்று சொன்னால் இன்னொரு முறை நீட்டுவார்கள்.

இரவு மோட்டார் போடப் போகும் நேரம்: குளிர், தனிமை, தூக்கம் மூன்றும் சேரும் இடம். தீப்பெட்டி எடுத்துப் போகாதீர்கள். பாட்டு கேளுங்கள், யாரிடமாவது போனில் பேசுங்கள்.

அமாவாசை இரவு: மேல்மலையனூரில் கூட்டத்தோடு இரவு முழுக்க விழித்திருப்பவர்களுக்கு நேரம் போக்கப் புகை ஒரு சாக்கு. கூட வரும் நண்பரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மது: எல்லாவற்றிலும் பெரிய வழுக்கல் இதுதான். குடித்த பிறகு உறுதி கரைந்துவிடும். முதல் சில மாதம் மதுவைத் தவிர்த்தே ஆக வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் மட்டும் அதைத் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. மது நின்றதால் வரும் விலகல் வலிப்பு வரை போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

மாலை கழற்றும் நாளுக்கு ஒரு திட்டம்

விரத நாட்களில் பழக்கம் நிற்பதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல, ஏற்பாடும் கூட. ஒரு நாள் குறிக்கிறோம். ஊரறியச் சொல்கிறோம். “சாமி” என்று கூப்பிடுவதால் யாரும் பீடி நீட்டுவதில்லை. காலை எழுந்ததும் குளியல், பூஜை என்று அன்றாட ஒழுங்கே மாறிவிடுகிறது. கூடவே குழுவும் இருக்கிறது. புகையிலை ஆலோசகர்கள் சொல்லும் அறிவுரைகளும் ஏறக்குறைய இவைதான்: தேதி குறியுங்கள், எல்லாரிடமும் சொல்லுங்கள், காலை வழக்கத்தை மாற்றுங்கள், துணை தேடுங்கள்.

குறை எங்கே என்றால், இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. அதனால் ஐயப்பனுக்கோ, மேல்மருவத்தூருக்கோ, வேறு எந்த விரதத்துக்கோ மாலை போடுபவர்கள், கழற்றும் நாளுக்கும் ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையைக் கழற்றினாலும் விடியற்காலைக் குளியலைத் தொடருங்கள். குழுவில் இன்னும் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செய்தி போடுங்கள். முதல் இரண்டு வாரம் பழைய கூட்டத்தோடு டீக்கடைப் பக்கம் நிற்பதைத் தவிருங்கள். விரதத்துக்காக நிறுத்தியவர் அதே வேகத்தில் விலகிவிடுவது, பிறகு வேறொரு நாளில் முதலிலிருந்து தொடங்குவதைவிட எளிது.

மருந்து உதவி: தயங்க வேண்டாம்

மன உறுதி மட்டும் போதாமல் போவது பலவீனமல்ல. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி பிடிப்பவர்களுக்குப் பழக்கம் ஆழமாக இருக்கும். அவர்களுக்கு நிகோடின் மாற்றுச் சிகிச்சை நல்ல பலன் தரும். இதைப் பயன்படுத்தினால் விட்டுவிடும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகக் கூடுகிறது. இந்தியாவில் அதிகம் கிடைப்பது நிகோடின் சூயிங்கம், 2 மி.கி., 4 மி.கி. அளவுகளில். எந்த அளவு, நாளைக்கு எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதைச் சாதாரண சூயிங்கம் போல மெல்லக் கூடாது. சில முறை மெதுவாக மென்றதும் நாக்கில் சுறுசுறுவென்று காரம் தெரியும். உடனே மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். வேகவேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பும், மெல்லும்போதும் காபி, குளிர்பானம் வேண்டாம். பொதுவாக 12 வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். கர்ப்பிணிகளும், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் இதை எடுக்கக் கூடாது. பியூப்ரோபியான், வரெனிக்ளின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவை மருத்துவர் சீட்டோடு மட்டும்.

ஏற்கெனவே மனநல மாத்திரை, ஆஸ்துமாவுக்கான தியோபிலின், சர்க்கரைக்கு இன்சுலின் எடுப்பவர்கள், புகைப்பதை நிறுத்திய செய்தியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். புகை நின்றதும் சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

மின்சிகரெட் இதற்கு மாற்று அல்ல. அதன் உற்பத்தி, விற்பனை, இறக்குமதி எல்லாம் 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை.

கையிலிருக்கும் போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

1800 11 2356 – தேசியப் புகையிலை கைவிடல் உதவி எண். கட்டணம் இல்லை. 2016இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை 2018இல் விரிவாக்கப்பட்டது. தென் மாநிலங்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்தின் வழியாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். முதல் அழைப்பில் உங்கள் பழக்கத்தைப் பற்றிக் கேட்டு, விடும் தேதியைக் குறிக்க உதவுவார்கள். பிறகு அவர்களே அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இதே எண்ணை நீங்கள் பல முறை பார்த்திருப்பீர்கள். சிகரெட், பீடி பாக்கெட்டில் எச்சரிக்கைப் படத்தோடு அச்சிடப்பட்டிருக்கும் எண் இதுதான்.

011 22901701 – இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்தால், புகையிலையை விடுவதற்கான குறுஞ்செய்திகள் உங்கள் கைபேசிக்கு வரும்.

14416 – டெலி-மனஸ் மனநல ஆலோசனை. 24 மணி நேரமும், தமிழில்.

104 – தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். அருகில் எந்த மருத்துவமனையில் என்ன வசதி என்று கேட்கலாம்.

நேரில் போக வேண்டும் என்றால் முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது செஞ்சி அரசு மருத்துவமனை. கூடுதல் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். செஞ்சிக்கு வடக்கே, மகேந்திரவர்ம பல்லவன் குடைவரைக் கோயிலுக்குப் பெயர்பெற்ற சீயமங்கலம், வந்தவாசி வட்டத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பக்கத்து மக்களுக்கு வந்தவாசி அரசு மருத்துவமனையும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம். மாவட்ட எல்லை எதுவானாலும் பிரச்சினையில்லை, எந்த அரசு மருத்துவமனையிலும் ஆலோசனை கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் தயங்காமல் விவரம் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதல் இரண்டு வாரம் வீட்டில் ஒருவர் சிடுசிடுவென்று இருந்தால், “இதுக்கு நீ பீடியே பிடிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எரிச்சலில் சொல்லும் அந்த ஒரு வாக்கியம், நிறுத்தியவர் தேடிக்கொண்டிருக்கும் அனுமதியாகிவிடும். சட்டைப் பையைச் சோதிப்பது, வாயை மோந்து பார்ப்பது இதெல்லாம் வேண்டாம். “இன்னைக்கு எத்தனையாவது நாள்?” என்று கேளுங்கள். வீட்டில் உள்ள தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் தட்டை அப்புறப்படுத்துங்கள். கடைக்குப் பீடி வாங்க எந்தக் காரணம் கொண்டும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம்.

நாளைக்கு 50 ரூபாய் புகையில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 18,250 ரூபாய். அந்த 50 ரூபாயைத் தினமும் ஒரு உண்டியலிலோ தனிக் கணக்கிலோ போட்டு, மாதக் கடைசியில் குடும்பத்தோடு எண்ணிப் பாருங்கள்.

தவறி ஒன்று பிடித்துவிட்டால்?

“ஒண்ணு பிடிச்சாச்சு, எல்லாம் போச்சு” என்று முழுக் கட்டையும் வாங்கிவிடுவதுதான் உண்மையான தோல்வி. ஒரு பீடி என்பது ஒரு சறுக்கல். மீதியை நசுக்கிப் போடுங்கள். எந்த இடத்தில், யாரோடு, எந்த மனநிலையில் நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த இடத்துக்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். முழுமையாக விட்டவர்களில் பெரும்பாலானோர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றவர்கள்தான்.

இவை விலகல் அறிகுறிகள் அல்ல

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, இடது கை, தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் செயலிழத்தல் இருந்தால் “பீடிய நிறுத்தினதால வர்ற பிரச்சினை” என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். சளியில் ரத்தம், ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பேருந்து நிலையம், உணவகம், அலுவலகம், மருத்துவமனை எல்லாம் இதில் அடங்கும். அபராதம் போடுவதற்கு மட்டுமான விதி என்று இதை நினைக்க வேண்டாம். புதிதாக விட்டவருக்கு, செஞ்சி பேருந்து நிலையத்தில் பக்கத்தில் ஒருவர் ஊதும் புகையே பெரிய சோதனை. “அண்ணே, கொஞ்சம் வெளிய போய்ப் பிடிங்களேன்” என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூச்சுக்கு ஒரு அளவுகோல்

செஞ்சிக்காரர்களுக்கு நுரையீரலைச் சோதிக்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025இல் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். புகைப்பவர் படி ஏறும்போது அடிக்கடி நின்று மூச்சு வாங்குவார். நிறுத்திய 2 வாரம் முதல் 3 மாதத்துக்குள் ரத்த ஓட்டமும் நுரையீரலின் செயல்பாடும் மேம்படும். நிறுத்தும் நாளில் (இதய நோய், மூட்டுவலி இல்லாதவர்கள்) எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்று எண்ணி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஏறி எண்ணிப் பாருங்கள். ஓராண்டில் இதய நோய் அபாயத்தில் புகையால் வந்த கூடுதல் பங்கு பாதியாகக் குறையும். பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் சுமார் பாதியாகிவிடும்.

நிறுத்த விரும்புபவர்கள் அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறித்து, கைபேசி நாட்காட்டியில் பதிவு செய்து, 1800 11 2356 எண்ணை இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். கடினமான நாட்கள் முதல் மூன்று. சிரமம் பெரும்பாலும் நான்கு வாரம். வீட்டில் யாராவது விட முயன்றுகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை அவர்களுக்கும் பகிருங்கள்.